வரிசையாரின் பலகை

மனிதர்களில் பல இனம் உண்டு. விடைபெற்று, செருப்பையும் மாட்டிக்கொண்ட பிறகு வாசற்படியில் நின்று, உள்ளே உட்கார்ந்து பேசியதைவிட அதிக நேரம் பேசுகிறவர்கள் உண்டு. பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாளை எட்டிப் படித்துவிட்டு, "நான் முடிச்சிட்டேன், திருப்புங்க" என்கிறவர்கள் உண்டு. புகைப்படம் எடுக்கும்போது பின்வரிசையில் பதுங்கிக்கொண்டு, படம் கைக்கு வந்ததும் "என் முகம் எங்கே?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் நாம் எப்போதோ மன்னித்துவிட்டோம். ஆனால் இவர்கள் எல்லாரையும்விட நல்லவரும், இவர்கள் எல்லாரையும்விட நம் பொறுமையைச் சோதிப்பவருமான ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அவர் ஒரு தப்பும் செய்வதில்லை. எதையாவது செய்தால்தானே தப்பு வரும்?

அவர்தான் வரிசையார்.

அவசரப்பட்டு அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். சோம்பேறிக்கு ஓய்வு உண்டு. வரிசையாருக்கு அதுவும் கிடையாது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, குடும்பத்தின்மேல் உயிராக இருக்கிறார். வேலை இருக்கிறது, வேலையில் கெட்டிக்காரர். இவை இரண்டும் போதாதென்று ஒரு கலையும் இருக்கிறது, ஓவியமோ புல்லாங்குழலோ கதை எழுதுவதோ, ஏதோ ஒன்று அவருக்குள்ளே உட்கார்ந்துகொண்டு "என்னை எப்போ வெளியே விடப் போறே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றையும் செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். எனவே தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "நிதானமா உக்காந்து யோசிக்கணும்" என்று நின்றுகொண்டே சொல்வார். எந்த நல்ல காரியத்தையும் திங்கட்கிழமைதான் தொடங்குவார். அல்லது மாதத்தின் முதல் தேதி. அல்லது தன்னுடைய பிறந்த நாள். புதன்கிழமை சாயங்காலம் ஒரு காரியத்தைத் தொடங்கிய வரிசையார் உலகத்திலேயே கிடையாது. திங்கட்கிழமை தவறிவிட்டால் பதறவும் மாட்டார். அடுத்த வாரமும் ஒரு திங்கட்கிழமை வரத்தானே போகிறது? அந்த விஷயத்தில் காலண்டர் அவருக்கு இதுவரை துரோகம் செய்ததில்லை.

நமக்குத் தெரிந்த வரிசையார் ஒருவர் இருக்கிறார். அவருடைய வீட்டுக்குப் போவோம், வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வாருங்கள், அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் நடுத்தரமான வீடு. கூடத்தின் மூலையில் ஒரு முக்காலிச் சட்டம் நிற்கிறதே, அது படம் வரைவதற்கு வாங்கியது. இப்போது அதில் துண்டு காய்கிறது. அலமாரியைத் திறந்தால் ஒரு கடையே வைக்கலாம். மெல்லிய தூரிகை, தட்டைத் தூரிகை, விசிறித் தூரிகை, மயிரில் இன்னும் பசை போகாத புதுத் தூரிகை. மூடியின் முத்திரைகூட உடையாத அக்ரிலிக் வண்ணக் குழாய்கள். எல்லாம் உயர்ந்த சரக்கு. மலிவான வண்ணத்தை வாங்கினால் நாளைக்கு ஓவியம் வெளுத்துவிடும் என்று அவருக்குப் பயம். வரையாத ஓவியம் வெளுக்காமல் இருக்க இவ்வளவு முன்யோசனை செய்தவர் வேறு யாராவது உண்டா?

இப்போது சுவரைப் பாருங்கள். அங்கேதான் இருக்கிறது பலகை.

தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது. கிட்டத்தட்ட ஒரு கதவளவு. வெள்ளை அடித்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் வண்ண அட்டைகளை ஊசியால் குத்தி வைப்பார். குடும்பம் சிவப்பு, வேலை நீலம், கலை மஞ்சள். முதல் வரிசையில் எப்போதும் சிவப்பு அட்டைகள்தான் இருக்கும். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. 'மகளோடு விளையாடுதல்' என்ற அட்டை, பலகை மாட்டிய நாளிலிருந்து முதலிடத்தை விட்டு இறங்கியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டைகளை மாற்றிக் குத்துவார். அந்த நேரத்தில் கூடத்தில் ஈ பறக்கக் கூடாது. போன வாரம் மகள் பந்தை எடுத்துக்கொண்டு வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கீழே போலாமா?"

"ஷ்ஷ். அப்பா வீட்டுக்காக நேரம் ஒதுக்கிட்டு இருக்கேன்டா. இப்போ தொந்தரவு பண்ணக் கூடாது."

அவள் பந்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே போனாள். வரிசையார் அந்த முதல் அட்டையை இன்னும் கொஞ்சம் நேராகக் குத்தி வைத்தார்.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவள், வீட்டுக்கு வந்தால் தன் வாயை அளவாகத்தான் திறப்பாள். அவளுக்குப் பலகை கிடையாது. கைப்பையில் ஒரு கம்பளி நூல்கண்டும் இரண்டு ஊசிகளும் கிடக்கும், அவ்வளவுதான். கட்டடத்தில் பாதிக் குழந்தைகளின் தலையில் அவள் பின்னிய தொப்பி இருக்கிறது.

"எப்போதான் பின்றே நீ?" என்று ஒரு தடவை வரிசையார் கேட்டார்.

"பஸ்ல."

"பஸ்ல எப்படி? ஒரு ஒழுங்கு, ஒரு திட்டம் வேண்டாமா?"

"உக்கார இடம் கிடைச்சா பின்றேன். கிடைக்கலேன்னா நிக்கிறேன்."

இப்படியும் ஒருத்தி வாழ்க்கையை நடத்துவாளா என்று அவர் பரிதாபப்பட்டார். அப்போது அவர் தலையிலும் அவள் பின்னிய தொப்பி இருந்தது.

அலுவலகத்தில் மட்டும் இந்த மனிதரே வேறு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும் நாற்காலி இவருடையது. ஒரே நேரத்தில் நாலு பக்கத்திலிருந்தும் தொலைபேசி அலறும். ஓர் ஆஸ்பத்திரியில் கதவு மூட மாட்டேன் என்கிறது, ஒரு கடையில் விளக்கு எரியவில்லை, ஒரு பெரிய முதலாளியின் மாளிகையில் லிஃப்ட் ஏறும்போது முனகுகிறது. வரிசையார் கண் இமைக்காமல் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "உள்ளே ஆள் மாட்டியிருக்கா?" மாட்டியிருந்தால் அதுதான் முதல். முதலாளியாவது மாளிகையாவது, மற்றதெல்லாம் பிறகு. அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி அது. அதைச் சொல்ல அவருக்குப் பலகையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், திங்கட்கிழமையும் வேண்டாம். மெக்கானிக்குகள் அவரைச் சிங்கம் என்பார்கள். அந்தச் சிங்கம் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூடவே எதையோ கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறது.

நிற்க. கதைக்கு வருவோம்.

மகளுடைய பள்ளியில் ஒரு நாடகம். ஒரு தீவில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் படகு வருமா வருமா என்று காத்திருக்கிறார்கள். கடைசியில் வருகிறது. மகள்தான் கலங்கரை விளக்கத்துக் காவல்காரி. பின்னணிக்கு ஒரு கடல் வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது வகுப்பே வாயை மூடிக்கொண்டிருக்க, இவள் எழுந்து நின்றாளாம்.

"எங்க அப்பா வரைஞ்சு தருவாங்க டீச்சர். எங்க அப்பா பெரிய ஓவியர். வீட்ல அலமாரி நிறைய பெயின்ட் இருக்கு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குழந்தையின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வரிசையாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. உண்மையாகவே குளிர்ந்தது, அதில் நடிப்பு இல்லை. மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

"கடல்தானே? அலை தனியா, ஆழம் தனியா, அடிவானம் தனியா, அப்படியே தண்ணி சொட்டுற மாதிரி போட்டுத் தரேன் பாரு!"

"படகும் வேணும்பா. நான் கையைக் காட்டி 'அதோ படகு'ன்னு கத்துவேன். அதுதான் முக்கியமான இடம்."

"போட்டுடலாம், கவலையே படாதே."

சொல்லிவிட்டு எழுந்து எங்கே போனார்? அலமாரிக்கா? அதுதான் இல்லை. பலகைக்குப் போனார். 'கடல் வரைதல்' என்று ஓர் அட்டை எழுத வேண்டுமல்லவா? எழுதத்தான் போனார். அங்கேதான் சிக்கல் பிடித்தது. இது சிவப்பா, மஞ்சளா?

யோசித்துப் பாருங்கள். மகளுக்காகச் செய்வது என்றால் குடும்பம். படம் வரைவது என்றால் கலை. சிவப்பில் எழுதினால், இத்தனை வருஷம் கழித்துக் கையில் எடுக்கும் முதல் ஓவியம் வீட்டு வேலைகளோடு சேர்ந்துவிடும், கலைக்கு அவமானம். மஞ்சளில் எழுதினால் பெற்ற மகளை இரண்டாம் வரிசையில் தள்ளியது போலாகும், மனசு கேட்குமா? திங்கட்கிழமை சிவப்பு என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை மஞ்சள்தான் சரி என்று பட்டது. மறுநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் என்ன வரும்? ஆரஞ்சு!

அலுவலகம் விட்டதும் ஆரஞ்சு அட்டை தேடிக் கிளம்பினார். முதல் கடையில் பச்சை இருந்தது, ஊதா இருந்தது, ஆரஞ்சு இல்லை. இரண்டாவது கடையில் இருந்ததை ஆரஞ்சு என்று இவர் ஒப்புக்கொள்ளவில்லை, கடைக்காரர் விடவில்லை. கடைத்தெரு முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்த பிறகு, வியாழக்கிழமைதான் மனசுக்குப் பிடித்த ஆரஞ்சு கிடைத்தது. அந்த அட்டையில் 'கடல் வரைதல்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, எழுத்துக்குக் கீழே சின்னதாக ஓர் அலையும் போட்டார். அந்த வாரத்தில் அவர் வரைந்த கடல் அவ்வளவுதான்.

மகள் தினமும் வந்து பலகையைப் பார்ப்பாள். பிறகு அலமாரியைப் பார்ப்பாள். பிறகு அப்பாவைப் பார்ப்பாள். நாடகம் சனிக்கிழமை சாயங்காலம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி நூல்கண்டை மடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல நாலு போன் ஒண்ணா வந்தா எதை முதல்ல பார்ப்பீங்க?"

"இதென்ன கேள்வி? ஆள் மாட்டியிருக்கிற லிஃப்டைத்தான்."

"அப்போ உங்க பொண்ணைப் பாருங்க. டீச்சர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டு அவ உள்ளே மாட்டிக்கிட்டு நிக்கிறா. லிஃப்டுக்குள்ள மாட்டினவங்க மாதிரி மணி அடிச்சுக்கிட்டே இருக்கா. உங்களுக்குக் கேக்கலையா?"

வரிசையார் ஆடிப்போனார். இத்தனை நாள் தன் தொழிலின் அடிப்படை விதி தன் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றிருக்கிறதே என்று தோன்றியது. நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. துள்ளி எழுந்தார்.

"அருமையா சொன்னே! எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் அலமாரிச் சாவியை எடுக்க ஓடினாள். அவள் சாவியோடு திரும்பி வந்தபோது வரிசையார் பலகையிலிருந்த எல்லா அட்டைகளையும் பிடுங்கித் தரையில் பரப்பியிருந்தார். பலகையின் உச்சியில் புதிதாக ஒரு தலைப்பு எழுதிக்கொண்டிருந்தார்: 'ஆள் மாட்டியவை.'

"இனிமே இதுதான் முதல் வரிசை! எந்த அட்டையா இருந்தாலும் முதல்ல இந்தக் கேள்வியைக் கேட்டுட்டுத்தான் குத்தணும். இதுக்குன்னு தனியா ஒரு நிறம் வேணும். கறுப்பு. கறுப்பு அட்டை, வெள்ளை எழுத்து. எப்படி?"

மனைவி நூல்கண்டை மறுபடி கையில் எடுத்தாள். பல்வலி தீர்ந்து நாற்காலியைவிட்டு எழுகிறவர்களிடம்கூட அவள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள், அன்றைக்கு வரிசையார் முகத்தில் அவ்வளவு ஆனந்தம். மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. "மத்தியானம் வந்ததும் முதல் வேலை கடல்தான். ஒரே மூச்சுல முடிச்சிடலாம்" என்று மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. வரிசையார்கள் பொய் சொல்வதே இல்லை, அதுதான் அவர்களிடம் உள்ள பெரிய தொல்லை. மத்தியானம் அலுவலகத்தைவிட்டு நேராக வீட்டுக்குத்தான் கிளம்பினார். வழியில் ஆரஞ்சு அட்டை வாங்கிய கடை கண்ணில் பட்டது. கறுப்பு அட்டை இருந்தது. வெள்ளையாக எழுதும் பேனா இல்லை. அதற்கு இன்னொரு கடை. அங்கே கறுப்பிலேயே பளபளக்கும் கறுப்பு, பளபளக்காத கறுப்பு என்று இரண்டு வகை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் யாரும் இல்லை. கூடம் ஏதோ காலியாக இருப்பது போலிருந்தது. முக்காலிச் சட்டத்தில் துண்டு இருந்தது. அலமாரி திறந்து கிடந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நான்கு திருகாணித் துளைகள் அவரைத் திருப்பிப் பார்த்தன.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"பலகை எங்கே?"

"ஸ்கூல்ல."

"ஸ்கூல்ல எதுக்கு?"

"வந்து பாருங்க. சீக்கிரம் வாங்க, ஆரம்பிக்கப் போறாங்க."

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்து அரங்கில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. திரை விலகியது.

மேடையில் கடல் நின்றது.

அவருடைய பலகைதான். மேலிருந்து கீழ்வரை நீலம். ஓர் இடத்தில் வண்ணம் கெட்டியாக, ஓர் இடத்தில் நீர்த்து, அலைகள் கோணலும் மாணலுமாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் கடல். வாங்கி வருஷக்கணக்கில் முத்திரை உடைக்காத குழாய்கள் அத்தனையும் அங்கே பிதுங்கியிருந்தன. நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு மட்டும் விட்டிருந்தது. நுரையோ மேகமோ என்று நினைத்துக்கொண்டார். தண்ணீருக்குள் மீன்கள் நீந்தின. சிவப்பு மீன், நீல மீன், மஞ்சள் மீன், தனியாக ஓர் ஆரஞ்சு மீன். அட்டையில் கத்தரித்து ஒட்டியவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வேறு யாரோ ஒரு குழந்தையின் அப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படம் எடுத்த போனில் மேடையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மீன் மேல என்னமோ எழுதியிருக்கு பாருங்க. 'முதுகுவலிக்கு டாக்டர்'..."

"ம்."

"அந்தப் பெரிய மீன்ல 'மாமியார் வீட்டுக்குப் போன்'. சார், இது ஏதோ நவீன பாணி போலிருக்கே!"

"ம்" என்றார் வரிசையார். இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

நாடகம் நடக்க நடக்கத்தான் கவனித்தார், கடல் மெல்ல முன்னால் சாய்ந்துகொண்டு வந்தது. பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்திய கட்டை நழுவிக்கொண்டிருக்கிறது. தீவு ஜனங்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், அந்தக் கடலுக்கு நேர் கீழே உட்கார்ந்து படகுக்காகக் காத்திருக்கிறார்கள். திரைக்குப் பக்கத்தில் டீச்சர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வரிசையார் எப்போது எழுந்தார், யார் யார் காலை மிதித்தார், எந்தப் படி வழியாக ஏறினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பலகைக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். பிடித்தது பிடித்ததுதான், விட்டால் விழுந்துவிடும்.

நாடகம் முடிகிறவரை அங்கேயே நின்றார். அவர் பார்த்ததெல்லாம் பலகையின் பின்பக்கத்தில் தச்சர் பென்சிலால் போட்டிருந்த கோடு ஒன்றுதான். சட்டைப் பையில் அலுவலகத்துப் போன் அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. எடுக்கக் கை இல்லை. உலகத்தில் எந்தெந்த வேலை முக்கியம் என்ற கேள்விக்கெல்லாம் அப்போது அவரிடம் இடமே இல்லை. உள்ளே ஆள் மாட்டியிருந்தது, ஆள் அவர்தான்.

அப்போதுதான் மகளின் குரல் கேட்டது. வீட்டில் சன்னமாகப் பேசுகிற பெண்ணா இது என்று தோன்றும்படி, அரங்கமே அதிரக் கத்தினாள்.

"அதோ! அதோ பாருங்க, படகு!"

எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் இருந்த வரிசையாரால் கைதட்ட முடியவில்லை. கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் வந்து மகளிடம் கேட்டார், "யார்மா வரைஞ்சது? அப்பாவா?"

"நானும் அம்மாவும் வரைஞ்சோம் டீச்சர். அப்பா கடலைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க."

வரிசையார் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்பக்கம் வந்து முதல் தடவையாக வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் இருந்த வெள்ளைத் திட்டு நுரையும் இல்லை, மேகமும் இல்லை. பென்சிலால் எல்லை போட்டு, சுற்றிலும் நீலம் வழியாமல் வெகு ஜாக்கிரதையாக விட்டிருந்த ஓர் இடம். படகு வடிவத்தில்.

"இது ஏன் வெள்ளையா இருக்கு?"

"அது உங்களுக்குப்பா."

"எனக்கா?"

"படகு நீங்க போடுறதாச் சொன்னீங்கல்ல? மத்தியானம் வந்துடுவீங்கன்னு விட்டு வெச்சேன். அம்மா கடைசியா நான் போடட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அப்போ நீ 'அதோ படகு'ன்னு காட்டினது..."

"இதைத்தான். எல்லாரும் நம்பிட்டாங்கப்பா" என்றாள், அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

வரிசையாரின் சட்டைப் பையில் அந்தக் கறுப்பு அட்டை இருந்தது; பளபளக்காத வகை. அதை இரண்டாக மடித்து உள்ளே தள்ளினார். வெட்கமாக இருந்தது. தன்மேல் கோபமாக இருந்தது. இரண்டில் எது முதல் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"இப்போ போடட்டுமா?" என்றார்.

மனைவி பையிலிருந்து குழாய்களை எடுத்துத் தரையில் வைத்தாள். பள்ளிக் காவலாளி வாசலில் சாவிக்கொத்தைக் குலுக்கி, "பூட்டணும் சார்" என்றார். வரிசையார் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல எந்தத் தூரிகைன்னு..." என்று ஆரம்பித்தார்.

மகள் கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்து அவர் விரலுக்குள் திணித்தாள். அது சுவருக்கு அடிக்கிற அளவுக்குத் தடிமனானது. படகுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. யோசிக்க ஒன்றும் இல்லாமல் போனது, அதனால்தான் போட்டார். பழுப்பு நிறத்தை அப்பி, கறுப்பை இழுத்து, எல்லை தாண்டி, ஒரு வழியாக முடித்துவிட்டு நிமிர்ந்தார். மூன்று பேரும் பார்த்தார்கள்.

"செருப்பு மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள்.

"பக்கத்துல இன்னொண்ணு போட்டுடுங்க, ஜோடியாயிடும்" என்றாள் மனைவி.

காவலாளியும் எட்டிப் பார்த்து, "எடது கால் செருப்பு" என்று தன் கருத்தைச் சொன்னார். வரிசையார் சிரித்த சிரிப்பில் தூரிகையிலிருந்த கறுப்பு, ஆரஞ்சு மீனின் கண்ணில் சரியாகத் தெறித்தது. அது வரைக்கும் அந்த மீனுக்குக் கண் இல்லை.

இப்போது அந்தப் பலகை பழைய இடத்திலேயே, பழைய நான்கு துளைகளிலேயே தொங்குகிறது. கடலும் மீனும் செருப்புமாக. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். வரிசையார் அடியோடு திருந்திவிட்டார் என்று நீங்கள் சந்தோஷப்படலாம். படுங்கள், நான் எதற்குக் கெடுப்பானேன்? திங்கட்கிழமை அலுவலகத்தில் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "யோசிச்சுக்கிட்டே இருக்கக் கூடாதுப்பா, கையில எடுத்துடணும். அதை எப்படிப் பழகுறதுன்னு படிப்படியா ஒரு திட்டம் வெச்சிருக்கேன்" என்று தொடங்கினாராம். போன ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கதவு வெள்ளை. அகலமும் போதுமானது.

"கையை எடுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நான் ஒண்ணும் தொடலையே!"

"நினைச்சீங்கல்ல?"

அவர் நகர்ந்து போய்ப் பந்தை எடுத்தார். கீழே மகள் காத்திருந்தாள். ஆக, முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். உங்கள் மைத்துனர் அப்படியே இந்த அச்சு என்று நினைத்தீர்கள். உங்கள் மேலதிகாரிக்கு இதை எப்படியாவது படிக்கக் கொடுத்துவிட வேண்டும் என்றும் முடிவு செய்தீர்கள். நல்லது, கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். இதைப் படிக்க உட்கார்ந்த புதிதில் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். "இதோ, ஒரே நிமிஷம், இந்தப் பக்கம் முடியட்டும்" என்று நீங்களும் பதில் சொன்னீர்கள். அதன் பிறகு எத்தனை பக்கம் ஆகிவிட்டது?

அவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.